நினைவைத் திறக்கும் சாவி யார் கையில்?

மனிதனை அரபு மொழியில் 'இன்ஸான்' என்பர். இச்சொல் மறதியைக் குறிக்கும் 'நிஸ்யான்' என்பதிலிருந்து பிறந்தது என மொழியறிஞர்களுள் ஒரு சாராரும், நெருங்கிப் பழகுதலைக் குறிக்கும் 'உன்ஸ்' என்பதிலிருந்து பிறந்தது என மற்றொரு சாராரும் கூறுவர். எது சரியாயினும் இரண்டும் மனிதனுக்குப் பொருந்துவனவே. பழகியவர்களை விட்டுப் பிரிய அவனுக்கு மனம் வருவதில்லை. ஆனால் பழகிய நாட்களோ அவனையறியாமலே மறந்து போகின்றன. இந்த இரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக் கொண்டுதான் அவன் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினான்.

அன்பின் வாசகர்களே! அந்த நாட்குறிப்பு இன்று அலுமாரி லாச்சியை விட்டுக் கிளம்பிக் கையடக்கத் தொலைபேசிக்குள் குடிபுகுந்துவிட்டது. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த 'டே வன்' என்னும் செயலி இவ்வகையில் பெயர் பெற்றது. அப்பிள் நிறுவனமும் 2023 டிசம்பரில் 'ஜேர்னல்' என்ற பெயரில் தனது தொலைபேசிகளுக்கு ஒரு நாட்குறிப்புச் செயலியை வழங்கியது. இத்தகைய செயலிகளில் எழுத்தோடு படத்தையும் இடத்தையும் பதியலாம். வேண்டுமாயின் குரலையும் சேர்க்கலாம். இவற்றுள் பல, "சென்ற வருடம் இதே நாளில் நீங்கள் எழுதியது இது" என்று பழையதை எடுத்துக் காட்டவும் செய்கின்றன.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கொப்பியில் எழுதிய நாட்குறிப்பு நாம் திறக்கும்வரை வாய் பேசாது. தொலைபேசியில் உள்ள நாட்குறிப்போ தானாகவே வந்து பேசுகிறது. கணினிக் கல்வி பயிலும் எமது இளைஞர் யுவதிகளுள் எவரேனும் இத்தகைய செயலியொன்றைத் தாமே வடிவமைக்க எண்ணினால், அவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இதுதான்: நினைவைத் திறக்கும் சாவி யார் கையில் இருக்க வேண்டும்? எழுதியவர் கையிலா, இயந்திரத்தின் கையிலா?

பழைய நாட்குறிப்புகள்

நாட்குறிப்பு எழுதுவது மேல்நாட்டாரின் வழக்கம் எனச் சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. பக்தாத் நகரில் வாழ்ந்த இப்னுல் பன்னா என்னும் அறிஞர் தம் கைப்பட எழுதிய நாட்குறிப்பின் ஒரு பகுதி திமிஷ்க் நகரின் ழாஹிரிய்யா நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தது. 1068 - 1069ஆம் ஆண்டுக் காலத்துக்குரிய அப்பகுதியை ஜோர்ஜ் மக்திஸி என்னும் ஆய்வாளர் 1956, 1957ஆம் ஆண்டுகளில் பதிப்பித்து வெளியிட்டார். ஏறக்குறைய 950 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நகரத்தில் நடந்தவை அதில் நாள்வாரியாக உள்ளன.

தமிழிலும் இதற்குச் சான்றுண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழிலேயே நாட்குறிப்பு எழுதினார். அவருடைய காலத்துப் புதுச்சேரியைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர்கள் இன்றும் அதனை எடுத்தாளுகின்றனர்.

இவ்விருவரின் ஏடுகளும் அவர்களை ஒருபோதும் துரத்தவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். வேண்டியபோது திறந்தார்கள்; வேண்டாதபோது மூடி வைத்தார்கள். அவ்வளவுதான்.

ஏன் எழுத வேண்டும்?

"எல்லாம் மனதில் இருக்கிறது. எழுதுவது எதற்கு?" என்று கேட்போர் உண்டு. மனதை அவ்வளவாக நம்ப முடியாது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. ஜேர்மனியைச் சேர்ந்த எபிங்ஹவுஸ் என்பவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். மறதி தொடக்கத்தில் மிக விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நடைபெறுகிறது என அவர் கண்டார்.

இதைவிட வியப்பூட்டுவது மற்றோர் ஆய்வு. 1986 ஜனவரியில் அமெரிக்காவின் 'சலஞ்சர்' விண்ணோடம் வானில் வெடித்துச் சிதறியது. அச்செய்தியைத் தாம் எங்கே, எவ்வாறு கேள்வியுற்றோம் என்பதை மறுநாளே எழுதித் தருமாறு உல்ரிக் நைசர் என்னும் உளவியலாளர் மாணவர்களைக் கேட்டுக்கொண்டார். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளின் பின்னர் அவர்களுள் 44 பேரிடம் மீண்டும் கேட்கப்பட்டது. மிகப் பலரின் விடைகள் முன்னர் எழுதியவற்றோடு பொருந்தவில்லை. தம் கையெழுத்தையே காட்டியபோதுகூடச் சிலர், "இப்போது சொல்வதுதான் சரி" என்றனர். நன்றாக ஞாபகமிருக்கிறது என்ற உறுதிக்கும், ஞாபகம் சரியாக இருப்பதற்கும் தொடர்பில்லை என்பது இதிலிருந்து விளங்குகிறதல்லவா?

எதை எழுதுவது என்பதிலும் நாம் தவறிழைக்கிறோம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், மாணவர்கள் தம் அன்றாட விடயங்களை எழுதி மூடி வைத்தனர். அண்மையில் நடந்த ஓர் உரையாடல், கேட்கும் பாட்டு, படிக்கும் பாடம் போன்ற சில்லறை விடயங்களே அவை. மூன்று மாதங்களின் பின் திறந்து பார்த்தபோது, தாம் எதிர்பார்த்ததைவிட அதிக ஆவலோடு அவற்றை வாசித்தனர். விசேட நாட்களைவிடச் சாதாரண நாட்களைப் பற்றிய குறிப்புகளின் பெறுமதியையே மக்கள் குறைவாக மதிப்பிடுகின்றனர் என்பது அவர்கள் கண்ட முடிவு.

கலியாண வீட்டுப் படங்கள் எங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. ஆனால் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை உம்மா என்ன சமைத்தார், வாப்பா கடையிலிருந்து வந்து என்ன கதைத்தார், சின்ன மகள் எந்தச் சொல்லைத் தவறாக உச்சரித்தாள் என்பவற்றை யார் எழுதி வைத்திருக்கிறோம்? பத்து வருடங்களின் பின் நாம் தேடப்போவது அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான்.

அழைக்காமல் வந்த நினைவு

இனி இயந்திரம் தானாகவே நினைவைத் திறந்தால் என்ன நிகழும் என்பதற்கு வருவோம். எரிக் மேயர் என்பவர் அமெரிக்காவைச் சேர்ந்த இணைய வடிவமைப்பு நிபுணர். இணையப் பக்கங்களை வடிவமைப்பது பற்றிப் பல நூல்களை எழுதியவர். 2014 ஜூன் மாதத்தில் அவருடைய ஆறு வயது மகள் மூளைப் புற்றுநோயினால் இறந்து போனாள். அவளுடைய பிறந்த நாளும் அதுவே.

அவ்வாண்டு டிசம்பரில் பேஸ்புக் நிறுவனம் 'ஆண்டு மீள்பார்வை' என்ற பெயரில், ஒவ்வொருவரும் அவ்வாண்டில் பகிர்ந்த படங்களைத் தொகுத்துக் காட்டும் வசதியொன்றை அறிமுகம் செய்தது. மேயர் தமது பக்கத்தைத் திறந்தார். மகளின் முகம் அவர் முன் வந்து நின்றது. அதைச் சுற்றிலும் ஆடிப்பாடும் உருவங்களும் பலூன்களும் வரையப்பட்டிருந்தன. உங்கள் ஆண்டு இப்படித்தான் இருந்தது என்ற வாசகமும் கூடவே வந்தது.

பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தந்தையின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆயினும் மேயர் எவரையும் ஏசவில்லை. எவரும் வேண்டுமென்று இக்கொடுமையைச் செய்யவில்லை என்றே அவர் எழுதினார். அதிகம் பேர் பார்த்த படம், அதிகம் பேர் கருத்துச் சொன்ன படம் எதுவென்று இயந்திரம் கணக்கிட்டது. ஒரு பிள்ளையின் மரணத்துக்கு அனுதாபம் தெரிவித்து நூறு பேர் எழுதினாலும், ஒரு பிள்ளையின் பிறப்புக்கு நூறு பேர் வாழ்த்துச் சொன்னாலும் இயந்திரத்துக்கு இரண்டும் நூறுதான். தவறு எங்கே நடந்ததென்றால், கேட்காமல் காட்டியதில்தான். விரும்புகிறீர்களா என்று முதலில் கேளுங்கள், அவர் ஆம் எனும்வரை படத்தைக் காட்டாதீர்கள் என்பதே அவருடைய ஆலோசனை. அவ்வசதிக்குப் பொறுப்பாயிருந்த பேஸ்புக் அதிகாரி அவரிடம் வருத்தம் தெரிவித்தார். மேயர் பின்னர் 2016ஆம் ஆண்டில் சாரா வாக்டர் பெட்சர் என்பவருடன் இணைந்து, துன்பத்தில் இருப்பவரையும் மனதிற்கொண்டு வடிவமைப்பது எவ்வாறு என்பது பற்றி ஒரு நூலே எழுதினார்.

2015 மார்ச்சில் பேஸ்புக் 'இதே நாளில்' என்ற வசதியைத் தொடங்கியது. குறிப்பிட்ட ஆட்களையும் திகதிகளையும் விலக்கி வைக்கும் வழியும் பின்னர் அதில் சேர்க்கப்பட்டது. கூகுளின் படத் தொகுப்பிலும் இவ்வழி உண்டு. நல்லதுதான். ஆனால் அதை யார் செய்ய வேண்டும்? மனைவியை இழந்தவர் தாமே உள்ளே சென்று, அவளுடைய படத்தைத் தேடி, 'மறைக்கவும்' என்பதை அழுத்த வேண்டும். ஜனாஸா எடுத்த வீட்டாரிடம் ஒப்படைக்கக்கூடிய வேலையா இது?

அப்படியாயின் துயரமானவற்றை எழுதாமலே விட்டுவிடலாமா? கூடாது. 1986ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்னும் உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், தம் வாழ்வின் கடுந்துன்பங்களையும் அவை பற்றிய உணர்வுகளையும் மாணவர்கள் நான்கு நாட்கள் தொடர்ந்து, நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதினர். எழுதிய உடனே அவர்களுக்கு மனச்சோர்வு மிகுந்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் ஏனையோரைவிட இவர்கள் மருத்துவரை நாடியது குறைந்தது. எனவே எழுதுவது நலம் தரக்கூடியது. மௌத்தான உம்மாவின் குரலை மீண்டும் கேட்க விரும்பும் மகனை நாம் தடுக்கவும் வேண்டியதில்லை. நினைவை நாம் தேடிப் போவது வேறு. அது எம்மைத் தேடி வருவது வேறு.

வடிவமைப்போருக்குச் சில வார்த்தைகள்

இத்தகைய செயலியை உருவாக்க எண்ணும் பிள்ளைகளே, பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்ளுங்கள்.

முதலாவது, கதவைத் தட்டிவிட்டு வெளியே நில்லுங்கள். பழைய குறிப்பொன்றைக் காட்டுவதாயின், படத்தையும் எழுத்தையும் காட்டாமல், "2019 ஓகஸ்ட் மாதத்துக் குறிப்பொன்று இருக்கிறது. திறக்கவா?" என்று மட்டும் கேளுங்கள். 'திற', 'பிறகு', 'இனிக் கேட்காதே' என மூன்று விடைகளும் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஒரு வருடமாக நாட்குறிப்பைத் தொடாதவரிடம் கேட்கவே வேண்டாம். அவர் வரட்டும்.

இரண்டாவது, அழிப்பதற்கும் காட்டுவதற்கும் இடையில் ஒரு நிலையை வையுங்கள். தானாக வரக்கூடிய குறிப்பு, தேடினால் மட்டும் கிடைக்கும் குறிப்பு, குறித்த காலம்வரை பூட்டியிருக்கும் குறிப்பு என எழுதியவரே பிரித்து வைக்க முடிய வேண்டும். இன்று பார்க்க இயலாததை நாளை பார்க்க மனம் வரலாம். ஆகவே துக்கத்தில் இருப்பவரை அழித்துவிடத் தூண்டாதீர்கள்.

மூன்றாவது, எழுதியதைத் திருத்தாமல் ஓரத்தில் எழுத இடம் கொடுங்கள். அரபுக் கல்லூரிகளில் நாம் ஓதிய கிதாபுகளில் நடுவில் 'மத்ன்' என்னும் மூலம் இருக்கும். அதைச் சுற்றி 'ஹாஷியா' என்னும் ஓரக்குறிப்பு இருக்கும். பிற்காலத்தவர் எவ்வளவு எழுதினாலும் மூலம் மூலமாகவே இருந்தது. நாட்குறிப்பும் அவ்வாறிருக்கட்டும். இருபது வயதில் கோபத்தோடு எழுதியதை நாற்பது வயதில் வாசிக்கும்போது, "அன்று நானா சொன்னது எனக்கு விளங்கவில்லை. இன்று விளங்குகிறது" என்று இன்றைய திகதியிட்டு ஓரத்தில் எழுதலாம். பழையதை அழித்து எழுதினால், மேற்சொன்ன மாணவர்களைப் போல் பொய்யான ஞாபகத்தையே மெய்யென நம்பி வாழ்வோம்.

நான்காவது, எழுதாத நாட்களைச் சுட்டிக்காட்டிக் குற்றவாளியாக்காதீர்கள். தொடர்ந்து எத்தனை நாள் எழுதினீர்கள் என எண்ணிக் காட்டும் வழக்கம் பல செயலிகளில் உண்டு. அப்பிளின் ஜேர்னலிலும் 2024இல் அது சேர்ந்தது. சிலருக்கு அது உற்சாகம் தரலாம். ஆனால் கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருந்த தாய்க்கு அந்தக் கணக்கு எதற்கு? ஒரு மாதம் விட்டு வந்தாலும், "இன்று நடந்த சின்ன விடயம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் போதுமானது.

ஐந்தாவது, பூட்டும் வாசலும் இரண்டும் வேண்டும். பூட்டு என்பது, எழுதியவரின் சாவியின்றி நிறுவனத்தாரும் வாசிக்க முடியாதிருப்பது. டே வன் 2017ஆம் ஆண்டில் இம்முறையைச் சேர்த்துக்கொண்டது. பழைய பதிவுகளை நினைவூட்டும் 'டைம்ஹொப்' என்னும் செயலியின் கணினிகளுக்குள் 2018 ஜூலையில் திருடர் புகுந்து, 2 கோடியே 10 இலட்சம் பேரின் விபரங்களைக் கவர்ந்தனர். நாட்குறிப்பில் எங்கள் இரகசியம் மட்டுமா இருக்கிறது? கணவன், மனைவி, அயலவர் ஆகியோரின் மானமும் அதில் அடங்கியிருக்கிறது.

வாசல் என்பது, எழுதிய அனைத்தையும் வேண்டியபோது வெளியே எடுத்துச் செல்லும் வழி. 'பாத்' என்னும் வலைத்தளம் தன்னை ஒரு நாட்குறிப்பாகவே அறிமுகம் செய்துகொண்டது. இந்தோனேசியாவில் அதனைப் பாவித்தோர் ஏராளம். 2018 ஒக்டோபரில் அது மூடப்பட்டது. அதற்கு முன் தம் பதிவுகளைப் பிரதி எடுத்துக்கொண்டவர்களிடம் அவை மிஞ்சின. நிறுவனங்கள் வரும், போகும். குடும்பத்தின் ஞாபகம் அவற்றோடு போய்விடக் கூடாது.

எங்கள் வீடுகளில்

ஞாபகங்களை இழப்பது என்றால் என்னவென்று எமது மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் உடுத்த உடையோடு வந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது கரையோரத்து வீடுகளில் அல்பங்களும் கொப்பிகளும் அள்ளுண்டு போயின. மூத்தவாப்பாவின் முகத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட ஒரு படமும் இல்லாத வீடுகள் இதனால் உண்டாயின. ஆகவே ஒரு பிரதி தொலைபேசியிலும், மற்றொரு பிரதி வேறோர் இடத்திலும் இருப்பது பெரும் பாதுகாப்பு. அதேவேளை, அத்திகதி வரும்போது 'மகிழ்ச்சியான நினைவு' என்ற தலைப்புடன் ஏதாவதொரு படம் வந்து நிற்பதை அக்குடும்பங்கள் விரும்புமா என்பதையும் வடிவமைப்போர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாசகர்களே, நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. இன்றே உங்கள் தொலைபேசியில் நினைவூட்டும் வசதி எங்கெங்கே இயங்குகிறது என்று பாருங்கள். வீட்டில் துக்கம் நடந்திருந்தால், துயருற்றவருக்காக மகனோ மகளோ அவரது சம்மதத்துடன் அந்தத் திகதிகளை மறைத்துக் கொடுக்கலாம். படங்களை அழிக்க வேண்டாம். பிரதியெடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

உங்களுக்குப் பின் உங்கள் நாட்குறிப்பை யார் திறக்கலாம் என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். இதற்கென கூகுள் 2013ஆம் ஆண்டிலும், பேஸ்புக் 2015ஆம் ஆண்டிலும், அப்பிள் 2021ஆம் ஆண்டிலும் வழிகளை ஏற்படுத்தின. ஒருவரை நம்பி ஒப்படைப்பது ஓர் அமானிதம். எதை வாசிக்கலாம், எதை வாசிக்காமலே அழிக்க வேண்டும் என்பதை அவரிடம் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

செயலி எதுவும் வேண்டாமா? நாற்பது பக்க அப்பியாசக் கொப்பியும் ஒரு பேனையும் போதும். இன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பின் மூன்று வரி எழுதுங்கள். சந்தையில் மீன் என்ன விலை, உம்மும்மா என்ன கதை சொன்னார், மகன் எதற்குச் சிரித்தான் என்பன போதும். திகதியைப் போட மறவாதீர்கள். எழுதி முடிந்ததும் கொப்பியை மூடி லாச்சியில் வையுங்கள். அதை மீண்டும் எப்போது திறப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.